தோட்டத்துக்கு வந்த நாளிகை

2019 சனவரி இறுதியில் ‘தமிழ் நேசன்’ நின்றுபோனது. 1924 செப்டம்பரில் கி. நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய நாளிகை அது. நூறாண்டு நிறைவதற்கு ஆறாண்டுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், 1896 முதல் வந்துகொண்டிருந்த ‘மலாய் மெயில்’ ஆங்கில நாளிகையும் அச்சை விட்டு இணையத்துக்குச் சென்றது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பெருமூச்சோடு அச்செய்தியைக் கடந்துவிட்டோம். ஒரு நாளிகை நின்றால் செய்தி நின்றுவிடுமா? அதுதான் கைப்பேசியில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறதே! அப்படியானால் நாம் இழந்தது எது என்ற வினா மட்டும் என்னை விடவில்லை. பேராக் தோட்டப்புறங்களின் பழைய வரலாற்றைப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

தோட்டத்தில் நாளிகை என்பது தனியொருவர் படிக்கும் பொருளன்று. கோலாலம்பூரிலிருந்து வந்த கட்டு ஈப்போவில் பிரிக்கப்பட்டு, பேருந்திலும் மிதிவண்டியிலும் தோட்டக் கடையை அடையும். மாலையில் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். எங்கள் பாட்டனாருக்குக் கையொப்பமிடவும் தெரியாது. ஆயினும் நாட்டு நடப்பில் அவரிடம் வாதிட்டு வென்றவர் எங்கள் லயத்தில் இல்லை. வாசித்தவர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தோட்டத்துச் செய்தியை எழுதி நாளிகைக்கு அனுப்பியவரும் அவரே.

நாளிகைகள் வெறும் செய்தி சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை. 1929 டிசம்பரில் ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டுக்குப் பெரியார் ஈ.வெ. இராமசாமி வந்தார். அவர் வருகையை நேசன் எதிர்த்தது, சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியை ஆசிரியராகக் கொண்ட ‘முன்னேற்றம்’ வரவேற்றது. நேசன் அன்று நின்ற பக்கம் எனக்கு உவப்பானதன்று. ஆனாலும் சாதியைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் எதிரெதிராக எழுதிய இரண்டு ஏடுகள் இருந்ததால்தான் தொழிலாளிக்கும் ஒரு கருத்தைத் தேர்ந்துகொள்ள இடமிருந்தது.

அதே நேசனின் உதவியாசிரியராக இருந்தவர்தாம் ஆர்.எச். நாதன். சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய அவரை 1941 மே மாதத்தில் ஆங்கில அரசு கைது செய்து, பின்னர் நாடு கடத்தியது. கைதைத் தொடர்ந்து வேலைநிறுத்தம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. கூலியோடு மானத்தையும் கேட்ட அந்தப் போராட்டத்தின் முன்னணியில் ஒரு நாளிகைக்காரர் நின்றிருக்கிறார் என்பதை நம் மாணவர்க்கு நாம் சொல்வதில்லை.

போருக்குப் பின்னர் நாளிகை நமக்கொரு பள்ளிக்கூடமாகவே ஆயிற்று. 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதை எழுதுவதைப் பாடமாக அச்சிட்டுக் கற்பித்த அந்த வகுப்பிலிருந்து மலாயாத் தமிழ் எழுத்தாளர் ஒரு தலைமுறையே உருவாயிற்று. தமிழகத்திலிருந்து வந்த கு. அழகிரிசாமியும் அப்பத்தாண்டில் நேசனின் ஆசிரியர் குழுவிலிருந்து இளையோரை வளர்த்தார். சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, மாணவர் மணிமன்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் நூலகத்துக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதியும் திரட்டியது.

இவையெல்லாம் எப்படித் தளர்ந்தன? எல்லாரும் இணையத்தைக் காட்டுகின்றனர். நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. தோட்டத் துண்டாடல் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்ககங்களுக்கும் பிரிந்து சென்றனர். ஒரு கட்டு ஓரிடத்தில் இறங்கிய நிலை மாறி, பத்துத் தாமான்களில் சிதறிக் கிடக்கும் வாசகரைத் தேடி விற்பனையாளர் அலைய வேண்டியதாயிற்று. கூட்டமாக வாசிக்கும் பழக்கம் கைப்பேசி வருவதற்கு முன்னரே கலைந்துவிட்டது. பிள்ளைகளோ ஆறாம் ஆண்டுக்குப் பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய் வேறு மொழிகளில் படிக்கத் தொடங்கினர். போதாக்குறைக்கு, 1980-களில் ம.இ.கா.வின் உட்கட்சிப் பூசலில் நாளிகைகளும் அணி பிரிந்து நின்றன. ஆதி. குமணனின் ‘தமிழ் ஓசை’ அந்நாளில் எவ்வளவு பரபரப்பாக விற்றது என்பது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். விற்பனை கூடியது, நம்பிக்கை கூடியதா என்பது வேறு. நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன்: பல வீடுகளில் யுபிஎஸ்ஆர் வழிகாட்டிப் பக்கத்துக்காகவே நாளிகை வாங்கப்பட்டது. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டதும் அக்காரணமும் போயிற்று.

பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் பள்ளிகளே முகநூலில் ஏற்றிவிடுகின்றன. புலனத்தில் அரை மணி நேரத்தில் ஊரெங்கும் பரவுகிறது. அது நன்றே. ஆனால் பள்ளி தன்னைப் பற்றித் தானே எழுதுவது அறிவிப்பு. அதைச் செய்தி என்று நான் ஏற்க மாட்டேன். மாணவர் எண்ணிக்கை ஏன் குறைந்தது, பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது, கொடுத்த மானியம் எங்கே போயிற்று என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ஒரு நிருபருக்கு ஊதியம் வேண்டும்; அவர் பின்னால் ஓர் ஆசிரியர் குழு வேண்டும். அச்சிலோ இணையத்திலோ எதில் வந்தாலும் எனக்கு ஒன்றே. ஆனால் அந்த ஊதியத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழில் மட்டுமன்று, உலகின் பெரிய மொழிகளிலும் இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவரிடம் வீட்டிலுள்ள பழைய நாளிகைத் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். பதினொன்று வந்தன. ஒன்பது, நினைவஞ்சலிகள். ஒன்று, திருமண வாழ்த்து. எஞ்சிய ஒன்றில் ஒரு தோட்டப் பள்ளியின் ஓட்டப்பந்தயப் படம். அந்தத் தோட்டமும் இன்றில்லை, பள்ளியும் இன்றில்லை. படத்துக்குக் கீழே வெற்றி பெற்ற ஆறு பிள்ளைகளின் பெயர்கள் தந்தை பெயரோடு அச்சாகியிருந்தன. துண்டைக் கொண்டுவந்த மாணவி மூன்றாம் பெயரைத் தொட்டுக் காட்டி, “இது எங்கள் பாட்டி, ஐயா” என்றாள்.