குற்றாலத்து அசையும் தாளமும்

குற்றாலத்தின் பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி ஆகிய மூன்று பெயர்களையும் யாப்பு முறையில் அசை பிரித்து அலகிட்டால் கிடைப்பது ஒரே வாய்பாடு: கூவிளங்காய். பே-ரரு-வி, சிற்-றரு-வி, ஐந்-தரு-வி. நேர், நிரை, நேர். தென்காசியும் குற்றாலமும் தேமாங்காய். குறிலா நெடிலா, குறில் தனித்து நிற்கிறதா இணைந்து நிற்கிறதா என்பதே இந்தக் கணக்கு. ஒற்றைத் தனியாக எண்ணுவதில்லை.

ஆங்கிலத்தின் நீண்ட சொற்கள் வேறு வழியில் நடக்கின்றன. ‘போட்டோகிராப்’ முதல் அசையில் அழுந்தும். ‘போட்டோகிராபி’ இரண்டாவதில், ‘போட்டோகிராபிக்’ மூன்றாவதில். தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறுவதில்லை. மாத்திரை, அதாவது எழுத்து ஒலிக்கும் கால அளவு, மாறினால் மாறும்: படு வேறு, பாடு வேறு.

தொல்காப்பியம் நேர், நிரை, நேர்பு, நிரைபு என நான்கு அசை சொன்னது. பிற்காலத்து யாப்பருங்கலக் காரிகை நேர், நிரை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. இந்த மரபில் பயின்றவர்தான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார் என்பர். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர்.

குறவஞ்சியில் விருத்தமும் வெண்பாவும் உண்டு. ஆனால் அதை ஊர் மறக்காமல் வைத்திருப்பது இராகமும் தாளமும் சேர்ந்த கண்ணிகளால்தான். நாயகி வசந்தவல்லி பந்தாடும் இடத்தில் குறில்கள் நெருங்கி, ஒலிக்குறிப்புகள் இரட்டித்து ஓடுவதால் பந்தின் வேகம் பாட்டிலேயே தெரியும். குறவன் சிங்கன் தன் மனைவி சிங்கியிடம் கேட்கும் கேள்வி ‘சிங்கி’ என்றும், அவள் பதில் ‘சிங்கா’ என்றும் முடியும். இரண்டுமே தேமா. கேட்பவர் காதுக்கு அந்த இடம்தான் தாளத்தின் தங்குமிடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடினார். காவடி எடுத்து ஆடுபவரின் கால் தாளத்துக்கு ஏற்ற பாட்டு அது. வாய்பாட்டை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையைக் கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்பதையே விரும்பினார். கம்பன் பாட்டை அவர் சொல்லக் கேட்கவே பலர் குற்றாலம் வந்தார்கள்.

வாய்பாட்டால் மட்டும் அளக்க முடியாத அந்தச் சிந்துக்கு இலக்கணம் வகுத்தவர் பின்னாளில் வந்த இரா. திருமுருகன். சிந்தில் குறிலானாலும் நெடிலானாலும் ஓர் உயிரோ உயிர்மெய்யோ ஓரசை. எழுத்து போதாத இடத்தைப் பாடுபவரின் நீட்டல் நிரப்பும் என்றார் அவர்.