இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் நிர்வாகச் சிக்கல்கள்

இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் நிர்வாகச் சிக்கல்கள் என்னும் இக்கட்டுரை, 1998 முதல் அணியை நிர்வகித்த அமைப்புகள் மீது வீரர்களும் ரசிகர்களும் நம்பிக்கை இழந்ததையும், பின்னர் அது ஓரளவு மீண்டதையும் விவரிக்கிறது.

பின்னணி

வளைதடிப் பந்தாட்டம் எனவும் அழைக்கப்படும் ஹாக்கியில் இந்தியா 1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் ஆவார். ஒலிம்பிக் ஆட்டங்கள் 1976இல் செயற்கைப் புல்தரைக்கு மாறின. இந்தியாவில் அத்தகைய திடல்கள் மிகக் குறைவாக இருந்தமை பின்னடைவுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

நம்பிக்கை இழப்பு

1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தன்ராஜ் பிள்ளை தலைமையிலான அணி, 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றது. அதற்கடுத்த தொடரிலேயே அவர் உட்பட மூத்த வீரர் பலர் சேர்க்கப்படவில்லை. இந்திய ஹாக்கி கூட்டமைப்பு இதனை ஓய்வு என விளக்கியது. படித்தொகை குறித்துக் கேள்வி எழுப்பியதே காரணம் எனப் பலர் கருதினர். இளையோருக்கு வாய்ப்பளிக்க மூத்தோரை விடுவிப்பதும், கேள்வி கேட்டவரை நீக்குவதும் வெளியிலிருந்து காண்போருக்கு ஒன்றுபோலவே தோன்றும். தேர்வின் காரணங்கள் வெளிப்படையாகக் கூறப்படாதபோது ஐயம் வளர்கிறது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது பயிற்சியாளர் ராஜிந்தர் சிங் மாற்றப்பட்டு, ஜெர்மனியின் கெர்கார்டு ராக் அமர்த்தப்பட்டார். கோயம்புத்தூரில் பிறந்த ஆடம் சின்க்ளேர் இடம்பெற்ற அவ்வணி ஏழாம் இடம் பெற்றது.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரித்தானியாவிடம் 0-2 எனத் தோற்றதால், 1928க்குப் பின் முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக் தகுதியை இழந்தது. அடுத்த மாதமே, அணித் தேர்வுக்குப் பணம் கைமாறியதாகத் தொலைக்காட்சியில் குற்றச்சாட்டு வெளியானது. இதையடுத்து இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. 1994 முதல் தலைவராக இருந்த கே. பி. எஸ். கில்லின் பொறுப்பு அத்துடன் முடிவுற்றது.

மறுசீரமைப்பு

2009இல் ஹாக்கி இந்தியா என்னும் புதிய அமைப்பு உருவானது. எனினும் 2010 சனவரியில், உலகக் கோப்பைக்கு முன்பாக, நிலுவைத் தொகை கோரி வீரர்கள் புனேயில் பயிற்சியைப் புறக்கணித்தனர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றுக் கடைசி இடமான 12ஆம் இடத்தைப் பெற்றது. 2014க்கும் 2019க்கும் இடையில் டெரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மான்ஸ், சோர்டு மரைன், ஹரேந்திர சிங் ஆகிய ஐந்து பயிற்சியாளர்கள் பொறுப்பிலிருந்து விலகினர் அல்லது விலக்கப்பட்டனர்.

2018இல் ஒடிசா அரசு தேசிய அணிகளின் புரவலரானது. 2019இல் பொறுப்பேற்ற ஆஸ்திரேலியரான கிரகாம் ரீடு 2023 வரை பயிற்சியாளராக நீடித்தார். அவரது காலத்தில், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா ஜெர்மனியை 5-4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் வெண்கலப் பதக்கம் பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது.

பிந்தைய நிலை

பதக்கம் வென்ற பின்னரும் நிர்வாகம் குறித்த கேள்விகள் ஓயவில்லை. 2022 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் ஹாக்கி இந்தியாவின் பொறுப்பை நிர்வாகிகள் குழு ஒன்றிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் முன்னாள் அணித்தலைவர் திலீப் திர்கி அதன் தலைவரானார். 2023இல் சென்னையில் நடைபெற்ற ஆசிய வாகையர் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என வென்றது.