கங்கைக் கரையில் ஒன்பது பல்கலைக்கழகங்கள்
அத்தியாயம் 4: விருந்தாளியும் வீட்டுக்காரரும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தயங்கி நின்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. கான்பூரில் உருவாகிக்கொண்டிருந்த ஐ.ஐ.டி.க்கு ஆண்டுதோறும் பேராசிரியர்களை அனுப்ப வேண்டும், அதுவும் சிறந்தவர்களை. ஒரே பல்கலைக்கழகம் அப்படி அனுப்பினால் அதன் சொந்த வகுப்புகளே காலியாகிவிடும். மறுத்துவிடவும் முடியாது. மும்பை ஐ.ஐ.டி.க்குச் சோவியத் யூனியனும், சென்னைக்கு மேற்கு ஜெர்மனியும் ஏற்கெனவே துணை நின்றன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். கான்பூரில் அமெரிக்கா பின்வாங்கினால் உலகமே கவனிக்கும்.

வழி பிறந்தது. சுமையைப் பங்கு போட்டுக்கொள்ள ஒன்பது நிறுவனங்கள் கூட்டாக முன்வந்தன: எம்.ஐ.டி., கால்டெக், பெர்க்லி, பிரின்ஸ்டன், கார்னெகி, மிச்சிகன், பர்டூ, ஒஹையோ ஸ்டேட், கேஸ். 1962-இல் கான்பூர் இந்திய–அமெரிக்கத் திட்டம் பிறந்தது. பத்தாண்டு உறவு. எம்.ஐ.டி.யின் நார்மன் டால் அமெரிக்கக் குழுவின் தலைவராகக் கான்பூருக்கு வந்தார்.

சரி, ஒன்பது பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் இருந்தது என்ன? ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தின் உணவகக் கட்டடத்தில் இரவல் இடம் வாங்கித் தொடங்கிய ஒரு கல்லூரி. 1960-இல் சேர்ந்த நூறு மாணவர்கள். கான்பூரையொட்டிய கல்யாண்பூரில் அச்யுத் கான்விண்டே வடிவமைத்த வளாகம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள இரு தரப்பு ஒன்றாக உட்கார்ந்தால், முடிவு எடுப்பது யார்?

இந்தத் தொடரை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். உதவி வாங்குகிறவர் தலைநிமிர்ந்து வாங்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் இயக்குநர் புருஷோத்தம் காசிநாத் கேல்கர். மின்பொறியாளர், மும்பை ஐ.ஐ.டி.யைத் திட்டமிட்ட அனுபவம் உள்ளவர். அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பே தனக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார். வந்தவர்கள் சக ஆசிரியர்களாக, ஆலோசகர்களாக இருந்தார்கள். நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு இந்தியர்களிடமே இருந்தது. மின்பொறியியல் துறைக்கு எச்.கே. கேசவன் தலைமை ஏற்றார். வேதியியலுக்கு சி.என்.ஆர். ராவ் என்ற இளைஞர் 1963-இல் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்று, திரும்புவதா அங்கேயே தங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்த இந்திய இளைஞர்களுக்குக் கான்பூர் ஒரு விலாசம் ஆனது. வெளியிலிருந்து வந்த பணத்தைவிட, கருவிகளைவிட, இந்த ஆள்சேர்ப்புதான் அந்த நிறுவனத்தை நிலைநிறுத்தியது என்பது என் உறுதியான எண்ணம்.

வகுப்பறையிலும் ஒரு புரட்சி நடந்தது. அன்று நம் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர் ஒருவர், கேள்வித்தாள் எடுத்தவர் வேறொருவர், விடைத்தாள் திருத்தியவர் முகம் தெரியாத மூன்றாமவர். ஆண்டு முழுதும் படித்தது ஒரே தேர்வில் தீர்மானமானது. கான்பூரில் பாடம் நடத்தியவரே தேர்வும் வைத்தார், மதிப்பெண்ணும் போட்டார். செமஸ்டர் முறை வந்தது. எந்தப் பொறியியல் பிரிவானாலும் அறிவியலும் கலைத்துறைப் பாடங்களும் எல்லாருக்கும் பொது. ஆசிரியரை நம்பிய கல்விமுறை அது. இன்றும் நம் கல்லூரிகள் பலவற்றுக்குக் கிட்டாத நம்பிக்கை.

1963 ஆகஸ்டில் வந்தது ஐ.பி.எம். 1620.

இன்றைய கண்ணுக்கு அது எளிய கணினி. கூட்டல் போடக்கூடத் தனிச் சுற்று கிடையாது. நினைவகத்தில் எழுதி வைத்த வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான் கூட்டும். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊரில் அதைக் குளிரூட்டிய அறையில் வைத்துக் காக்க வேண்டும். அதை நிறுவ வந்தவர்களில் பெர்க்லியின் ஹாரி ஹஸ்கியும் ஒருவர். எனியாக் கணினியில் உழைத்தவர். இங்கிலாந்தில் ஆலன் டூரிங்குடன் பணிபுரிந்தவர். கணினி யுகத்தின் பிறப்பை அருகிலிருந்து பார்த்த மனிதர், கல்யாண்பூரில் வந்து உட்கார்ந்தார்.

ஹஸ்கி ஒரு நாள் ஊர் திரும்பத்தான் போகிறார். பிறகு? அந்தக் கேள்விக்குப் பதிலாக நின்றவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு கான்பூருக்கு வந்தவர். கணினியைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு அன்று இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வாளர்களுக்குத்தான். கான்பூரிலோ இளநிலை மாணவர்கள் அட்டையில் துளையிட்டு, ஃபோர்ட்ரான் நிரல் எழுதி, தாங்களே ஓட்டிப் பார்த்தார்கள். பிற நிறுவனங்களின் விஞ்ஞானிகளுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. இந்தியரே இந்தியருக்குக் கற்பிக்கும் சங்கிலி தொடங்கிவிட்டது.

1620 போதவில்லை. பல மடங்கு வேகமான ஐ.பி.எம். 7044 தேவைப்பட்டது. 1965-இல் முதல் அணி மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் நேரம், எல்லாம் கைகூடி வருவதுபோல் தெரிந்தது.

அந்தச் செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் முழுப் போர் மூண்டது. வாஷிங்டன் இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. பொருளாதார உதவி குறித்த புதிய முடிவுகளும் தள்ளிப்போயின. கல்யாண்பூரில் அமெரிக்கப் பேராசிரியர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு ஆண்டுகள் பாக்கி.

பெரிய கணினி கடல் தாண்டி வருமா?

(அடுத்த வாரம் தொடரும்)