விழித்து விழித்து மயங்கிய பொறி



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை என் மேசைமீதிருந்த கணிப்பொறி துயிலெழ மறுத்துவிட்டது. விசையை அழுத்தினேன். தொடக்கப் பழுதைச் சரிசெய்து கொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி தோன்றியது. சற்று நேரத்தில், பழுதை நீக்க இயலவில்லை என்று மற்றொரு வரி. பின்னர்ப் பொறி தானே அணைந்தது, தானே ஒளிர்ந்தது, மீண்டும் அந்த முதல் வரியையே காட்டியது. நண்பகல்வரை இவ்வாறே சுழன்றுகொண்டிருந்தது.

அப்பொறிக்குள் எங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாறு இருந்தது. ஈராண்டுக் காலம் முதியவர்களின் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து கேட்டு எழுதிய குறிப்புகள் அவை. சொன்னவர்களுள் மூவர் அதற்குள் காலமாகிவிட்டனர். வேறொரு படி எடுத்து வைக்காதது என் பிழையே. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றொரு வழியும் திரையில் தெரிந்தது. பொறுமையிழந்த என் விரல் அதனை நோக்கிச் சென்றது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவ்வேளையில் என்னைத் தடுத்து நிறுத்தியது, முன்பு படித்திருந்த ஒரு வரலாறு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில், கணிப்பொறி துயிலெழும் முறையை அறிதல் வேண்டும். மின்சாரம் பாயும் அக்கணத்தில் அது ஒன்றும் அறியாத குழந்தை. தனக்குரிய கட்டளைகளை எங்கிருந்து படிப்பது என்பதும் அதற்குத் தெரியாது. 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அதற்கெனத் தொடக்கக் கட்டளைகளை வகுத்தவர் டேவிட் வீலர் என்னும் இளைஞர். அவை 31 கட்டளைகளே. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட சுழல் விசைகளில் அவை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் சென்று, துளையிட்ட தாள்நாடாவிலிருந்து ஏனைய கட்டளைகளைப் படித்துக்கொண்டன. சிறிய கட்டளை பெரியதனை அழைத்துவரும் இம்முறையே இன்றளவும் நிலைபெற்றுள்ளது. இஃது ஓர் ஏணி போன்றது. நடுவில் ஒரு படி முறிந்திருந்தால் ஏறுபவன் விழுவான். எழுந்து முதற்படியிலிருந்தே ஏறுவான். அதே இடத்தில் மீண்டும் விழுவான்.

இனி, நான் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், கலிபோர்னியா நேரப்படி இரவில், அமெரிக்காவின் ஸ்பிரிட் என்னும் ஊர்தி செவ்வாய்க் கோளில் குசேவ் என்னும் பெரும் பள்ளத்தில் இறங்கியது. பாசடேனா நகரிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் அதனை இயக்கினர். பதினேழு நாட்கள் யாவும் செவ்வனே நடந்தன. பதினெட்டாம் நாளாகிய ஜனவரி 21-இல் ஊர்தி திடீரெனப் பேச்சிழந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்திலிருந்து கட்டளை அனுப்பிய வேளையில் அங்கே இடியும் மழையுமாக இருந்தது. ஆகவே வானிலைதான் காரணமோ என்று முதலில் ஐயுற்றனர். காரணம் அதுவன்று.

அடுத்த நாட்களில் ஊர்தியிலிருந்து துண்டு துண்டாகச் சில செய்திகள் வந்தன. அவற்றைக் கண்ட பொறியியலார் திடுக்கிட்டனர். மூன்று நாட்களுக்குள் அதன் கணிப்பொறி 60 முறைக்குமேல் தன்னைத்தானே மீளத் தொடங்கியிருந்தது. விழிப்பதும் மயங்குவதுமாக இருந்த அவ்வூர்தி இரவிலும் உறங்கவில்லை. அதனால் மின்கலங்களின் வலிமை குன்றிக்கொண்டே வந்தது. இடையே இருந்த தொலைவோ ஏறத்தாழ 20 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச்சேரவே 10 நிமிடங்களுக்குமேல் ஆகும். கருவிப்பெட்டியோடு எவரும் அங்கே செல்ல இயலாது. அதே அமைப்புடைய ஆப்பர்ச்சூனிட்டி என்னும் மற்றோர் ஊர்தியும் 24-ஆம் நாள் இரவில் இறங்கவிருந்தது. பொறியியலாரின் கவலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பழுது எங்கே இருந்தது? ஸ்பிரிட்டுக்கு இருவகை நினைவகங்கள் இருந்தன. ஒன்று, மின்சாரம் நின்றாலும் அழியாத 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம். மற்றொன்று, விழித்திருக்கும்போது மட்டும் பயன்படும் 128 மெகாபைட் நினைவகம். விழிக்குந்தோறும் கணிப்பொறி, ஃபிளாஷ் நினைவகத்திலுள்ள கோப்புகளின் பட்டியலை மற்றதனுள் ஏற்றிக்கொள்ளும். பூமியிலிருந்து புறப்பட்டது முதலாகச் சேர்ந்த கோப்புகள் மிகப் பல. கோப்பை அழித்தாலும் பட்டியலில் அதற்குரிய இடம் சுருங்கவில்லை. பட்டியல் நீண்டு நீண்டு, ஒதுக்கிய இடத்தில் அடங்காமற் போயிற்று.

தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இது எளிதில் விளங்கிற்று. பள்ளியை விட்டுச் சென்ற மாணவர் பெயர்களையும் நீக்காமல், வருகைப் பதிவேட்டை நாள்தோறும் முதலிலிருந்து படிக்கும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். பெயர்களைப் படித்து முடிக்குமுன் மணி அடித்துவிடும். மறுநாளும் அதுவே நிகழும். பாடம் தொடங்கவே தொடங்காது.

இதில் மனத்தை வருத்தும் செய்தி ஒன்றும் உண்டு. பழைய கோப்புகளை நீக்குவதற்கான மென்பொருளைப் பதினைந்தாம் நாளிலேயே அனுப்பினர். இரு பகுதிகளுள் ஒன்றுதான் போய்ச்சேர்ந்தது. தவறிய பகுதியைப் பத்தொன்பதாம் நாளில் மீண்டும் அனுப்பக் கருதியிருந்தனர். ஊர்தி மயங்கியதோ பதினெட்டாம் நாளில்!

பொறியியலார் செய்தது யாது? ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே விழித்தெழுமாறு கட்டளையிட்டனர். அதாவது, 'இன்று பதிவேட்டைப் படிக்க வேண்டா. நேரே வகுப்புக்கு வா' என்றனர். 24-ஆம் நாள் ஊர்தி அவ்வாறே எழுந்தது, மயங்கவில்லை. சுழல் அறுந்தது. பின்னர் வேண்டாத கோப்புகளை நீக்கி, காரணத்தை ஆராய்ந்து உறுதிசெய்து, பிப்ரவரி முதல் வாரத்தில் அந்நினைவகத்தை முழுவதும் அழித்துச் சீரமைத்தனர். முற்றும் அழித்தல் அவர்களுடைய இறுதிச் செயலே, முதற் செயலன்று.

தானே பழுதுநீக்கும் பொறி ஏன் இத்தகைய சுழலில் சிக்குகிறது? தோற்றபோது மீண்டும் தொடங்கு என்பதே அது கற்ற ஒரே பாடம். போன முறை எந்த இடத்தில் விழுந்தேன், அந்த இடத்தைத் தவிர்த்துச் செல்லலாமா என்று அது வினவுவதில்லை. அவ்வினாவை மனிதனே எழுப்ப வேண்டியுள்ளது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் உலகமே இதனைக் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் காப்பு மென்பொருளுக்கு வந்த தவறான கோப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன. வானூர்தி நிலையங்களில் மக்கள் தவித்தனர். அக்கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், விழித்தவுடன் மயங்கும் பொறி திருத்தத்தைப் பெறுவதெப்படி? ஊழியர்கள் பல இடங்களில் ஒவ்வொரு பொறியாகச் சென்று, மிகக் குறைந்த கட்டளைகளோடு அதனை எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கினர். 2004-இல் செவ்வாயில் பலித்த மருந்தே 2024-இல் பூமியிலும் பலித்தது.

என் கணிப்பொறிக்கு வருகிறேன். பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் முதலில் விசையைத் தொடவில்லை. "ஐயா, நேற்றுக் கடைசியாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அச்சுப்பொறிக்கான மென்பொருளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, உறக்கம் மேலிட, பாதியில் அணைத்துவிட்டதை நினைவுகூர்ந்தேன். அவர் வன்தட்டைக் கழற்றி, வேறொரு பொறியுடன் இணைத்து, என் குறிப்புகளை முதலிற் படியெடுத்தார். பிறகே குறைந்த கட்டளைகளோடு என் பொறியை எழுப்பி, அரைகுறையாய் நின்ற அந்த மென்பொருளை நீக்கினார். பொறி விழித்தது. அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

90 நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம்வரை செய்தி அனுப்பியது. செவ்வாயில் முற்காலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்ததற்குச் சான்றான சிலிக்கா மண்ணை 2007-இல் கண்டறிந்ததும் அதுவே. 2004 ஜனவரியில் ஆய்வகத்தார் மனந்தளர்ந்து அதனைக் கைவிட்டிருப்பின் அந்த அறிவு அன்று நமக்குக் கிட்டியிராது.

எங்கள் பள்ளி வரலாற்றின் மூன்று படிகள் இப்போது மூன்று வீடுகளில் இருக்கின்றன. உங்கள் குறிப்புகளுக்கு எத்தனை படிகள் உள்ளன என்பதை இன்றிரவே எண்ணிப் பாருங்கள்.