கதவைத் தட்டிய சோல்ஜர்கள்

கொள்ளை நோய்களின் வரலாறு – 9

1896 செப்டம்பர். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியின் தானியக் கிடங்குகளில் எலிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. மூட்டை தூக்குபவர்கள் அவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். சில நாட்களில் அதே தெருக்களில் மனிதர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியது. அகாசியோ கேப்ரியல் வீகாஸ் என்ற கோவா மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, இது பிளேக் என்று சொன்னார்.

சென்ற வாரம், 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டதோடு நிறுத்தியிருந்தோம். கிருமி பிடிபட்டுவிட்டது. அது மனித உடம்புக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பது பிடிபடவில்லை. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் அதைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதனை செய்து காட்டியது 1898-ல். மருத்துவ உலகம் அதை மனமார ஏற்றுக்கொள்ள மேலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில் அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்த விளக்கத்தைக் கையில் எடுத்தார்கள். அழுக்கு, ஈரம், இருட்டு, நெரிசல். இவை எங்கே இருக்கின்றனவோ அங்கே நோய் இருக்கிறது. அவை இருந்ததெல்லாம் ஏழைகளின் வீடுகளில்.

எலி சாவதற்கும் மனிதன் சாவதற்கும் தொடர்பு உண்டு என்பது மக்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. இமயமலையில் கர்வால், குமாவுன் பகுதிக் கிராமத்தார், வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துவிட்டுக் காட்டில் போய்த் தங்குவார்கள். மகாமாரி என்று அவர்கள் அழைத்த கொள்ளை நோய் வருகிறது என்பதற்கு அதுதான் அவர்களுக்கு அடையாளம். பிளேக் தொற்றிய வீட்டை விட்டு விலகுவது எவ்வளவு சரியான மருத்துவம் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்றைய சுகாதார அதிகாரிகளுக்கு அது மலைவாசிகளின் பழக்கம், அவ்வளவுதான்.

பம்பாய் நகராட்சி ஆணையர் பி.சி.எச். ஸ்னோ, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நோயாளியைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லலாம். வீட்டுக்குள் நுழைந்து கார்பாலிக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவலாம். பொருட்களைக் கொளுத்தலாம். சாவு விழுந்த வீட்டுச் சுவரில் சிவப்பு வட்டம் போட்டுத் தேதி எழுதினார்கள். சில வீடுகளின் சுவர்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வட்டங்கள் ஏறிக்கொண்டே போன புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. 2020-ல் நம் தெருக்களில் கொரோனா வந்த வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அதைப் பார்த்தபோது எனக்கு இந்தப் புகைப்படங்கள்தான் நினைவுக்கு வந்தன. நோயாளிக்குச் சோறும் மருந்தும் எப்படிப் போகும் என்று யோசிப்பதற்கு முன்பே, அவர் யார் என்று ஊருக்குக் காட்டிவிடும் அவசரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைப் பற்றி ஊரில் பயங்கரமான பேச்சு கிளம்பியது. அந்த அக்டோபரில் பம்பாயில் விக்டோரியா மகாராணியின் சிலைக்கு யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பழிவாங்க ராணி மனித உறுப்புகளைக் கேட்கிறாள், அவற்றை எடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் பிடித்துப் போகிறார்கள் என்றார்கள். மாத இறுதியில் மில் தொழிலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் திரண்டு அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் இதை மூடநம்பிக்கை என்று எழுதின. நம் பாடநூல்களிலும் அந்தத் தொனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அப்படிப் பார்க்கவில்லை. தெருவில் இருந்தவன் கண்ணால் கண்டது என்ன? காய்ச்சலோடு அண்ணனைத் தூக்கிப் போகிறார்கள். கூட யாரையும் விடுவதில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்புவதில்லை. என்ன சாதிக்காரர் தண்ணீர் கொடுத்தார், கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார் என்று கேட்டால் பதில் இல்லை. இவ்வளவையும் பார்த்த ஒருவர், அங்கே போனால் செத்துப்போவோம் என்று முடிவு கட்டினால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உறுப்புக் கதை பொய். கதைக்கு அடியில் இருந்த கணக்கு பொய்யில்லை.

ஸ்னோ இந்த எதிர்ப்பைப் பார்த்து விதிகளைத் தளர்த்தினார். காரணங்களில் ஒன்றை அவரே வெளிப்படையாகச் சொன்னார்: துப்புரவுத் தொழிலாளர்கள் பயந்து ஊரை விட்டுப் போய்விட்டால் பம்பாயில் யாரும் வாழ முடியாது. சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்தவர்கள் கிளம்பினால் நகரமே நின்றுவிடும் என்பதை நகரத்தின் தலைமை அதிகாரி ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

மற்றவர்கள் கிளம்பத்தான் செய்தார்கள். சுமார் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரத்திலிருந்து 1897 பிப்ரவரிக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் வெளியேறியிருந்தார்கள். ரத்னகிரிக்கும் கொங்கணக் கடற்கரைக்கும் ரயிலிலும் படகிலும் நடந்தும் போனார்கள். நோயும் அவர்களோடு பல ஊர்களுக்குப் பயணம் செய்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆள் கிடைக்காமல் திண்டாடிய மில் முதலாளிகள், மாதக் கடைசிவரை நிறுத்திவைக்கும் சம்பளத்தை அன்றன்றைக்கே கொடுக்க வேண்டி வந்தது. தெருமுனையில் நின்று ஒருவருக்கு மேல் ஒருவர் கூலியை ஏற்றிக் கேட்டு ஆள் பிடித்தார்கள். பம்பாய்த் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் இந்தக் காட்சிகளை விரிவாகப் பேசுகிறார். பிளேக்கை மருத்துவர்களிடம் மட்டும் விட்டிருந்தால் இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கல்கத்தாவில் இருந்த அரசுக்கு வேறொரு கவலை. இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களையும் சரக்கையும் ஐரோப்பிய நாடுகள் தடுக்கத் தொடங்கியிருந்தன. பிளேக்கைப் பற்றிப் பேசவே வெனிஸ் நகரில் சர்வதேச சுகாதார மாநாடு கூடவிருந்தது. ஏதாவது செய்வதாகக் காட்டியாக வேண்டும். ஜனவரி 28-ம் தேதி ஜான் உட்பர்ன் சட்ட மன்றத்தில் ஒரு மசோதாவை வைத்தார். பிப்ரவரி 4-ம் தேதி அது தொற்றுநோய்ச் சட்டமாகிவிட்டது. மொத்தம் நான்கே பிரிவுகள். தேவை என்று தோன்றும் எந்த விதியையும் அரசு போடலாம், மீறினால் தண்டனை, இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செயல்பட்ட யார் மீதும் வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு அரசு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது.

அந்தச் சட்டம் முழு வேகத்தில் இறங்கிய இடம் புனே. சதாராவில் உதவி கலெக்டராக இருந்த வால்டர் சார்லஸ் ராண்ட் பிளேக் கமிட்டியின் தலைவராக வந்தார். மார்ச் 13-ம் தேதி வீடு வீடாகத் தேடுவது தொடங்கியது. தேடியவர்கள் மருத்துவ ஊழியர்கள் இல்லை, வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மக்கள் அவர்களைச் சோல்ஜர் என்றே சொன்னார்கள்.

விடிந்ததும் தெருவின் இரு முனைகளையும் அடைத்துவிடுவார்கள். ஒரு குழு உள்ளே வரும். கதவு திறக்கவில்லை என்றால் உடைப்பார்கள். பூட்ஸ் காலோடு சமையலறைக்கும் பூஜையறைக்கும் போவார்கள். பெண்கள் உட்பட எல்லோரையும் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து அக்குளையும் தொடையிடுக்கையும் பார்ப்பார்கள், சில இடங்களில் நடுத்தெருவிலேயே. நெறி தென்பட்டால் ஆளை ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தைத் தனிமை முகாமுக்கும் அனுப்புவார்கள். பிறகு வீட்டின் முறை. படுக்கை, துணி, சாமான் தெருவில் எரியும். தரையைத் தோண்டுவார்கள், வெயில் விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரிப்பார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். கார்பாலிக் வெள்ளம் தெள்ளுப்பூச்சிகளை ஒழித்ததோ இல்லையோ, எலிகளைப் பக்கத்து வீடுகளுக்கு விரட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மே 19 வரை இது நடந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை வீடுகளுக்குள் நுழைந்து தேடினார்கள். கண்டுபிடித்த நோயாளிகள் 400 பேரைக்கூட எட்டவில்லை. நோய் கண்டவர்களைப் பரணிலும் பின்கட்டிலும் ஒளித்தார்கள், செத்தவர்களை இரவோடு இரவாக எடுத்தார்கள். இத்தனைக்கும் அது பஞ்ச காலம். தானியப் பானையை உடைத்துக் கொட்டிவிட்டுப் போனால் அந்த வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாது.

பெண்களின் மானத்துக்குப் பங்கம் செய்ததாக நம்பத்தகுந்த புகார் எதுவும் வரவில்லை என்று ராண்ட் தன் அறிக்கையில் திருப்தியோடு எழுதினார். அந்த நேரத்தில் லண்டனில் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, பெண்கள் மீது வன்கொடுமை நடந்ததாகப் பத்திரிகைக்குச் சொன்னார். ஊர் திரும்பியதும் சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. அவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த மன்னிப்பை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. 1897-ல் ஒரு பெண் அப்படி ஒரு சாட்சியைப் பொதுவில் சொல்லிவிட்டுத் தன் தெருவில் மறுபடி வாழ்ந்திருக்க முடியுமா? பண்டித ரமாபாய் அதே ஆண்டு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தன் பராமரிப்பில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிளேக் ஆஸ்பத்திரியில் நேர்ந்ததைப் பற்றித் துணிந்து கேள்வி எழுப்பினார். அந்தக் கடிதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது.

ஜூன் 22-ம் தேதி இரவு, விக்டோரியா அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டு விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பின்வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ம் தேதி இறந்தார். தாமோதர், பாலகிருஷ்ணா, வாசுதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ராணி சிலைக்குத் தார் பூசியதும் சாபேகர்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. பத்திரிகையில் எழுதியவற்றுக்காகத் திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் பதினெட்டு மாதச் சிறை. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்த கதை, தேசிய இயக்க வரலாற்றில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

அந்த அத்தியாயத்தில் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். வீடு தேடல் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 10-ம் தேதி, அதே புனேயில் சாவித்திரிபாய் பூலே பிளேக்கில் இறந்தார். அவருடைய கணவர் ஜோதிராவ் பூலே மறைந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சாவித்திரிபாய்க்கு வயது 66. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்தை வரவழைத்து, ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் திறந்த வெளியில் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சையிடம் ஒன்றை ஏற்படுத்தினார். முண்ட்வாவில் மகார் சேரியில் கெய்க்வாட் குடும்பத்துப் பையனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். அவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சையிடத்துக்கு வந்து சேர்ந்தார். நோய் அவரைத் தொற்றியது.

தீண்டாமையும் பிளேக்கும் ஒரே உடம்பில் இருக்கும் பையனைத் தொட யார் வருவார்கள்? சோல்ஜர் பூஜையறைக்குள் வந்துவிட்டான் என்று கொதித்த பத்திரிகைகளின் கோபம் நியாயமானது. ஆனால் பூஜையறையே இல்லாத, ஊருக்குள்ளே வரவே அனுமதி இல்லாத குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தன என்பது அந்தப் பத்திகளில் இல்லை. அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள், படித்தவர்கள் தலையங்கம் எழுதினார்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் விட்டுச்சென்றது ஓட்டமும் கல்வீச்சும் வதந்தியும்தான். அவற்றையும் ஆவணமாகப் படிக்க டேவிட் ஆர்னால்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

கட்டாயம் எடுபடவில்லை என்பதை அரசு மெல்ல உணர்ந்தது. 1898 மார்ச்சில் பம்பாயில் நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோக முயன்றபோது பெரும் கலவரம். மைசூர் சமஸ்தானத்திலும், பிறகு 1900-ல் கான்பூரிலும் இதே கதை. நூற்றாண்டு முடிவதற்குள் வீடு தேடலும் கட்டாய ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. அந்தந்தச் சமூகத்தார் தாங்களே நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே மக்கள் தாமாகவே போனார்கள். ஹாஃப்கின் கண்டுபிடித்த தடுப்பூசியை இளைஞரான ஆகா கான் பலர் முன்னிலையில் போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றும் கோஜா சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்து போட்டுக்கொண்டார்கள்.

சென்னை மாகாணம் பிளேக் பாஸ்போர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. நோய் பரவிய ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்குபவர் அதை வாங்கிக்கொண்டு, பத்து நாள் தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. பெங்களூரில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் பிளேக்குக்குப் பிறகு எழுந்த பேட்டைகள். பம்பாயில் 1898-ல் அமைத்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலான குடியிருப்புகளை இடித்துக் கடற்காற்று வர அகலமான சாலைகள் போட்டது. வடக்கே தாதர், மாட்டுங்காவில் புதுப் பேட்டைகள் உருவாக்கியது. பின்னாளில் வேலை தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்ட மாட்டுங்கா அதுதான். இடிபட்ட வீடுகளில் இருந்த கூலிக்காரர்களுக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. அவர்கள் இன்னும் நெரிசலான அடுத்த குடியிருப்புக்கு நகர்ந்தார்கள்.

இந்தியாவில் அந்தப் பெருந்தொற்று ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நான்கு பிரிவுச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் இருந்தது. 2020 மார்ச்சில் மாநில அரசுகள் கொரோனாவுக்கு அதைத்தான் எடுத்தன. அந்த ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டத்தால் அதைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று சேர்த்தது. அது தேவையான திருத்தம். தனிமைப்படுத்தப்பட்டவரின் சாப்பாடு, கூலி இழப்பு, உடன் இருக்க ஒருவர், இறந்தவரின் உடலுக்கு மரியாதை ஆகியவை பற்றி அதில் ஒரு பிரிவும் சேரவில்லை.

அடுத்த வாரம் பஞ்சாபுக்குப் போவோம். 1902-ல் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இறந்தார்கள். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது.

(தொடரும்)