ஈயக் காசு

ஒரகடத்தில் சிப்காட் வேலியோரம் நடக்கையில் தரங்கம்பாடிக் கடற்கரையில் கிடைக்கும் ஈயக் காசுகள் நினைவுக்கு வந்தன. வலிந்து செய்த ஒப்பீடு அல்ல. இரண்டும் குத்தகைக்குப் போன நிலங்கள்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்களுக்கு ஆண்டு வாடகைக்குக் கொடுத்தார். கோட்டை எழுந்தது. அதற்குள் அவர்கள் சட்டம், அவர்கள் காசு. முதலில் அடித்தவை ஈயத்தில். பெயர் மட்டும் நம்முடையது: 'காஸ்'. பிற்காலக் கணக்கில் 80 காஸ் ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்.

சேகரிப்பவர்கள் இக்காசில் தேடுவது மகுடத்தையும் அரசனின் பெயரெழுத்தையும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1640களிலிருந்து 1669 வரை, கால் நூற்றாண்டுக்கு மேல், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. ஐரோப்பியப் போர்களில் சிக்கிய தாயகம் கோட்டையைக் கைவிட்டிருந்தது. மூன்றாம் ஃபிரெடரிக்கின் ஆட்சி (1648–1670) ஏறக்குறைய முழுதும் இக்காலத்துக்குள் அடங்குகிறது. அவன் பெயரிலும் ஈயக் காசுகள் உண்டு.

அந்தக் காசுக்கு என்ன மதிப்பு? ஈயம் பொன்னல்ல, பின்னால் நிற்கக் கப்பலும் இல்லை. அரிசிக்கும் மீனுக்கும் ஈடாக அதை வாங்கிக்கொள்ள ஒரு கை இருந்தது. அதனால்தான் அது காசு. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்றை அரசன் பொறித்தான். மற்றதை வாங்கியவர்கள் தந்தார்கள்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. கைமாறியதில் ஊர் இருந்தது, கோட்டை இருந்தது. அந்தக் கைகளைப் பற்றிய பேச்சில்லை. நாயக்கர் டென்மார்க் அரசனுக்கு எழுதிய தங்கத் தகடு கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஈயமோ உப்பில் அரித்துப் பொடிகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. சில ஆண்டுகளில் அதே கட்டிடத்துக்கு வேறொரு கம்பெனி வந்தது. ஆலைக்குள் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோரை அனுமதித்த அடையாள அட்டைகள் இன்று எந்தக் கதவையும் திறக்கா. என்றாவது ஒருவர் அவற்றையும் சேகரிக்கக்கூடும், கம்பெனியின் சின்னத்துக்காக.

அட்டையில் சின்னத்தோடு ஒரு முகமும் இருக்கிறது. ஈயக் காசில் அதற்கு இடமிருக்கவில்லை.