ஆதுலர் சாலை முதல் காப்பீட்டு அட்டை வரை: காஞ்சிப் பகுதியில் மருத்துவ உரிமை

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி, அதன் மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற 15 படுக்கை ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஆகியவற்றுக்கான நிவந்தங்களை அது விரிவாகப் பதிந்திருக்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அவரோடு அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

இக்கல்வெட்டைப் பெருமிதத்தோடு மேற்கோள் காட்டுவோர் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். அந்தப் படுக்கைகள் கல்லூரியோடும் கோயிலோடும் கட்டுண்டவர்களுக்கானவை. ஆற்றங்கரை உழவனுக்கு அங்கே என்ன பாத்தியதை என்று கல் பேசவில்லை. மருத்துவம் கிடைத்தது, ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்கில் இருப்பவர்க்கே கிடைத்தது. இந்த அமைப்புதான் பிற்காலத்திலும் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது என் வாதம்.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், கழிவு, தொற்றுநோய், தாய்சேய் நலம் என உள்ளாட்சிகளின் கடமைகளையும் அதிகாரங்களையும் அது வகுத்தது. சிகிச்சை மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது என்பது அதன் அக்கறை அல்ல. 1950இல் அரசியலமைப்பும் பொதுச் சுகாதார மேம்பாட்டை 47ஆம் உறுப்பின்கீழ் வழிகாட்டும் நெறியாகவே வைத்தது.

1948இன் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமோ ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவத்தைச் சட்டப்படி உறுதி செய்தது. இங்கேதான் காஞ்சி விடுபட்டது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக் குழித்தறியில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஆலைத் தொழிலாளி அல்லர். கோர்வைச் சேலைக்கு இன்னோர் ஆள் வேண்டும். கரைக்கான நாடாவை அவர் பக்கத்திலிருந்து ஓட்டுவார். பெரும்பாலும் அது மனைவியோ பிள்ளையோ. நெசவாளர் கூட்டுறவுச் சொசைட்டியில் உறுப்பினர் என்று இருப்பது ஒரு பெயர்தான், தறியில் உட்கார்வதோ இரண்டு உடம்பு.

2005-06இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளருக்கெனக் காப்பீடு கொண்டுவந்தது, அது நிலைக்கவில்லை. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய், பின்பு 1,20,000. இதய அறுவை, புற்றுநோய் போன்ற பெருஞ்செலவுக்கு இவை கைகொடுத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் நெசவாளியை நாள்தோறும் வாட்டுவது இடுப்பு, முழங்கால், கண். அவை படுக்கையில் சேர்க்கும் நோய்கள் அல்ல. அட்டை அங்கே அதிகம் பேசாது. அதற்கு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுதான். வருமானமும் தொழிலும் கேட்காமல் சீட்டு எழுதும் அந்த வரிசையைத்தான் உரிமைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு என்பேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், சீட்டுக்கு மருந்தும் கிடைத்தது.

நீதிமன்றம் வழியாகவும் ஓர் அடி நகர்ந்தது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஹக்கீம் ஷேக்கை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவானது. 1996இல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கி, உரிய காலத்தில் அவசர சிகிச்சை தராதது 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்றது. நிதி இல்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை.

அவசரம் அல்லாத நோய்க்கு அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை. மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே ராஜஸ்தான் 2023இல் சுகாதார உரிமைச் சட்டம் இயற்றியது. முறையீட்டுக்கு அமைப்புகளையும் அதில் வைத்தது. ஏட்டில் உள்ள சட்டம் ஊசியாகாது என்பார்கள், அதுவும் சரிதான். மருத்துவமனைகளை நடத்துவதில் தமிழகம் பல மாநிலங்களுக்கு முன்னோடி. ஆயினும் காப்பீட்டின் வருமான வரம்பு அரசாணையில் நிற்கிறது; இன்னோர் அரசாணை அதை மாற்றலாம், அப்போது நெசவாளி கேள்வி கேட்கத் தனிச் சட்டம் எதுவுமில்லை.